லண்டனிலிருந்து பாரிஸ்: தூரமும் நேரமும்

ஐரோப்பாவுக்கு முதன்முறையாகப் புறப்படுகிறவர் தம் பிரயாணத் திட்டத்தை வகுக்க உட்காரும்போது, லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, 344 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி என்று கிடைக்கிற விடையைக் குறித்துக்கொண்டு, காலையில் லண்டனில் சிற்றுண்டி, நண்பகலுக்குள் லூவர் அருங்காட்சியகம் என்று அந்த எண்களின்மேல் ஒரு நாளின் காரியங்களை எல்லாம் அடுக்கிவிடுகிறார். விடைகள் இரண்டும் பொய்யல்ல. ஆயினும் அந்த 344 கிலோமீட்டர் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளக்கப்பட்டது, அந்த ஒன்றேகால் மணி எந்தக் கணத்தில் தொடங்கி எந்தக் கணத்தில் முடிகிறது என்பதை விசாரிக்காமல் கிளம்புகிறவருக்கு அரைநாள் கைநழுவிப் போவது நிச்சயம். வெளிநாட்டில் அரைநாள் என்பது அற்பமான பொருளல்ல.

தூரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பூகோளப் படமும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தால் வாசகர் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். பார்ப்பது நல்லது என்றும் சொல்வேன், ஏனெனில் தாம் போட்டுப் பார்த்த கணக்கு மறப்பதில்லை. லண்டனின் மையமாகக் கொள்ளப்படுகிற சேரிங் கிராஸ் வடக்கு அட்சரேகை 51.51 பாகையிலும், பிரான்ஸின் சாலைத் தூரங்களை அளக்கத் தொடங்கும் இடமான நோத்ருதாம் தேவாலயத்து முற்றம் 48.85 பாகையிலும் இருக்கின்றன. வித்தியாசம் 2.66 பாகை, அட்சரேகையில் ஒரு பாகை 111 கிலோமீட்டர் ஆதலால், வடக்குத் தெற்காக 295 கிலோமீட்டர் ஆகிறது. தீர்க்கரேகையிலோ லண்டன் பூஜ்யத்துக்கு மேற்கே 0.13 பாகையிலும் பாரிஸ் அதற்குக் கிழக்கே 2.35 பாகையிலும் இருப்பதால் இடைவெளி 2.48 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே செல்வதனால், பூமத்திய ரேகையில் 111 கிலோமீட்டராக உள்ள பாகை 50 பாகை அட்சரேகையை அடுத்த இந்தப் பிரதேசத்தில் 71 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே கிழக்கு மேற்காக 176 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டு கர்ணத்தைக் கண்டால் ஏறக்குறைய 344 வந்து நிற்கிறது. புத்தகங்கள் தரும் எண் இதுவே. ஐரோப்பாவின் எந்த இரண்டு ஊர்களுக்கும், அவை மிகவும் விலகியிராத பட்சத்தில், இதே முறை செல்லும்.

ஆனால் நோத்ருதாம் முற்றத்தில் எந்த விமானமும் இறங்குவதில்லை. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிஸின் ஷார்ல் து கோல் நிலையத்துக்கு ஆகாய மார்க்கமாக 347 கிலோமீட்டர், காட்விக்கிலிருந்து 308, லூட்டனிலிருந்து 380. லண்டன் என்ற ஒரே பெயரின்கீழ் வருகிற நிலையங்களுக்குள்ளேயே எழுபது கிலோமீட்டர் வித்தியாசம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். தரைவழியாகப் போகிறவருக்குக் கணக்கு வேறு: டோவரில் கப்பலேறியோ சுரங்கம் வழியாகவோ கடலைக் கடக்கிற சாலைப் பாதை சுமார் 460 கிலோமீட்டர், ரயில் பாதை 492 கிலோமீட்டர். கடல் குறுகலாக இருக்கும் இடத்தைத் தேடிக் கிழக்கே வளைந்து செல்ல வேண்டியிருப்பதுதான் இவ்வளவு சுற்றுக்கும் காரணம்.

இந்த எண்களில் எதையும்விடப் பிரயாணியை உண்மையாக வாட்டுகிற தூரம், நகரத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம். ஹீத்ரோ சேரிங் கிராஸுக்கு மேற்கே 23 கிலோமீட்டரில் இருக்கிறது; காட்விக் தெற்கே 45 கிலோமீட்டர்; லூட்டன் வடக்கே ஏறக்குறைய அதே அளவு. லண்டன் சிட்டி என்னும் சிறிய நிலையம் ஒன்றே நகரத்துக்குள் இருக்கிறது என்று சொல்லத்தக்கது. தேம்ஸ் நதியின் பழைய கப்பல்துறை மேடையில் அமைந்த குட்டையான ஓடுபாதையாதலால் பெரிய விமானங்கள் அங்கே வருவதில்லை. பாரிஸ் பக்கத்தில் ஷார்ல் து கோல் வடகிழக்கே 25 கிலோமீட்டரிலும், ஓர்லி தெற்கே 14 கிலோமீட்டரிலும் உள்ளன. ஓர்லிக்கு 2024 ஜூன் முதல் மெட்ரோ 14-ஆம் தடம் நேரே வந்துவிட்டதனால், முன்பு இருந்த சிரமம் பெரும்பகுதி நீங்கிவிட்டது. போவே என்ற மூன்றாவது நிலையத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கை செய்வது என் கடமை. மலிவு டிக்கெட்டுகளில் பாரிஸ் என்ற பெயரோடு சேர்த்து அச்சிடப்படும் அந்த நிலையம் பாரிஸுக்கு வடக்கே சுமார் 85 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் நகரை அடைய ஒன்றேகால் மணிக்குக் குறையாது. டிக்கெட்டில் மிச்சப்படுத்திய பணம் பஸ்ஸுக்கும் அலைச்சலுக்கும் போய்விடும்.

இனி நேரத்துக்கு வருவோம். லண்டன்–பாரிஸ் விமானங்களின் அட்டவணையில் பெரும்பாலும் ஒரு மணி 15 நிமிஷம் முதல் ஒரு மணி 25 நிமிஷம் வரை காண்கிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கக்கூடிய ஜெட் விமானம் 347 கிலோமீட்டரைக் கடக்க இவ்வளவு நேரம் ஏன் என்று கணக்குத் தெரிந்த எவருக்கும் சந்தேகம் எழும். அது நியாயமான சந்தேகமே. அட்டவணையில் உள்ள நேரம் பறக்கிற நேரமன்று. விமானம் புறப்படும் கேட்டில் சக்கரத்துக்கு வைத்திருக்கும் முட்டுக்கட்டையை எடுத்துப் பின்னோக்கித் தள்ளத் தொடங்குகிற கணம் முதல், சேருமிடத்துக் கேட்டில் மறுபடியும் முட்டுக்கட்டை வைக்கப்படுகிற கணம் வரை உள்ள முழு நேரம் அது. அதில் தரையைவிட்டு மேலே இருப்பது பொதுவாக 45 முதல் 50 நிமிஷந்தான். எஞ்சியது ஹீத்ரோவில் வரிசையில் ஊர்ந்து ஓடுபாதையை அடைவதிலும், ஷார்ல் து கோலில் இறங்கிய பிறகு நான்கு ஓடுபாதைகளையும் பரந்த டெர்மினல்களையும் கொண்ட அந்த நிலையத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு உருண்டு வருவதிலும் கழிகிறது.

பறக்கிற அந்த 45 நிமிஷத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. விமானம் ஏறிக்கொண்டே இருந்து, பெரும்பாலும் 25,000 அடிக்கு முன்பின்னான உயரத்தில் சில நிமிஷங்கள் சமமாகச் சென்று, உடனே இறங்கத் தொடங்கிவிடுகிறது; தன் முழு வேகத்தைக் காட்ட அதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. வானம் தெளிவாக இருக்கிற நாளில், தெற்கு நோக்கிச் செல்லும் விமானத்தின் ஜன்னலில் ஸஸெக்ஸ் கடற்கரையின் வெண்மையான சுண்ணாம்புப் பாறைச் சுவர் கீழே தெரிவதைக் காணலாம். தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் கடல் முடிந்து, எதிர்க்கரையில் தியெப் பக்கத்து நார்மண்டிக் கரையும் அதே வெண்மையோடு எழுந்து நிற்கிறது. இருகரையும் ஒரே பாறைப் படிவமாக, ஒருகாலத்தில் தரைவழித் தொடர்போடு இருந்தவை என்பதைப் பூகர்ப்ப சாஸ்திரிகள் நூலில் சொல்லியிருந்தாலும், அதைக் கண்ணால் காண இதைவிடச் சிறந்த ஆசனம் கிடையாது. இந்தப் பாதையில் ஜன்னலோர இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி எல்லாருக்கும் சொல்கிறேன்.

திரும்பி வரும் திசையில் வேறொரு தாமதம் சேர்ந்துகொள்கிறது. ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள்; அவை நாள் முழுவதும் ஏறத்தாழ முழுக் கொள்ளளவுக்கு உழைக்கின்றன. ஆதலால் இறங்க வருகிற விமானங்களை பிக்கின், ஆக்கம், லாம்போர்ன், பாவிங்டன் என்ற நான்கு இடங்களுக்கு மேலே, ஒன்றுக்கு ஆயிரம் அடி மேலாக மற்றொன்று என்று அடுக்கி, வட்டமிடச் சொல்லி, அடியில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் விடுகிறார்கள். பத்து நிமிஷம் வட்டமிடுவது அங்கே விசேஷச் செய்தியே அல்ல. அதுபோலவே, ஐரோப்பிய வான்வெளியின் நெரிசலைப் பிரஸ்ஸல்ஸிலிருந்து கண்காணிக்கும் யூரோகன்ட்ரோல் நிறுவனம் நெருக்கடியான நேரங்களில் ஒவ்வொரு விமானத்துக்கும் தரையிலிருந்து கிளம்ப வேண்டிய நிமிஷத்தைக் குறித்துக் கொடுக்கிறது. அதற்கு 5 நிமிஷம் முன்னும் 10 நிமிஷம் பின்னுமான இடைவெளிக்குள் புறப்படாவிட்டால் புதிய நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். கதவு மூடிய பிறகும் விமானம் அசையாமல் நிற்கிறதே என்று பதறுகிறவர் இந்த விவரத்தை நினைவில் வைத்தால் மனம் சமாதானமடையும். இத்தனை தாமதங்களையும் முன்கூட்டியே எதிர்பார்த்துத்தான் கம்பெனிகள் அட்டவணையில் சற்றுத் தாராளமாக நிமிஷங்களைச் சேர்த்து வைக்கின்றன.

இந்தப் பாதையின் சரித்திரத்தை அறிந்தவருக்கு அந்த ஒன்றேகால் மணியின்மேல் ஒரு மரியாதையும் பிறக்கும். 1909 ஜூலை 25-ஆம் தேதி பிரெஞ்சு விமானி லூயி பிளேரியோவுக்குக் கலேயிலிருந்து டோவருக்குக் கடலை விமானத்தில் கடக்க ஏறத்தாழ 37 நிமிஷம் பிடித்தது. பத்தே ஆண்டுகளில், 1919 ஆகஸ்ட் 25 அன்று, இன்றைய ஹீத்ரோவுக்குச் சிறிது கிழக்கே உள்ள ஹௌன்ஸ்லோ ஹீத் மைதானத்திலிருந்து பாரிஸின் லு பூர்ஜேக்கு, தினந்தோறும் நடைபெறும் சர்வதேச விமானப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. முதல் நாள் விமானத்தில் ஒரே ஒரு பிரயாணி. அவரோடு பத்திரிகைக் கட்டுகளும், தோலும், வேட்டைப் பறவைகளும், டெவன்ஷைர் பாலேட்டு ஜாடிகளும் போயின. பிரயாண நேரம் ஏறக்குறைய இரண்டரை மணி. ஆரம்ப காலத்து விமானிகளுக்கு வழிகாட்டியாக இருந்தவை கீழே தெரியும் சாலையும் தண்டவாளமுமே. 1922 ஏப்ரல் 7-ஆம் தேதி மூடுபனியில், லண்டனிலிருந்து போன விமானமும் பாரிஸிலிருந்து வந்த விமானமும் பிகார்டிப் பிரதேசத்தில் எதிரெதிரே மோதி ஏழு பேர் உயிரிழந்தனர். பிரயாணி விமானங்கள் இரண்டு நடுவானில் மோதிய முதல் விபத்து அது. வானத்திலும் பாதை வகுத்து, போகிறவருக்கும் வருகிறவருக்கும் தனித்தனி ஒழுங்கு செய்ய வேண்டியதன் அவசியம் இந்தத் தடத்தில்தான் அவ்வளவு கொடுமையாக உணரப்பட்டது. இன்று நாம் ஓடுபாதையின் ஓரத்தில் காத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த ஒழுங்குக்கு நாம் செலுத்தும் விலை. நான் அதைக் குறைகூற மாட்டேன்.

ஷார்ல் து கோலிலிருந்து நகரத்துக்குள் வரும் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் தடம் மேற்சொன்ன லு பூர்ஜே வழியாகவே செல்கிறது. அங்குள்ள பழைய விமான நிலையக் கட்டடத்தில் இப்போது ஆகாய, அண்டவெளி அருங்காட்சியகம் இருக்கிறது; பாரிஸில் மூன்று நாட்களுக்குமேல் தங்குகிறவர் ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்கலாம்.

கடிகாரம் பற்றி ஒரு வார்த்தை. பாரிஸ் லண்டனுக்குத் தெற்கே சற்றே கிழக்காக இருந்தும், அங்குள்ள கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடுகிறது. 1940-இல் ஜெர்மானியர் ஆக்கிரமித்தபோது கடிகாரங்களைத் தங்கள் நேரத்துக்கு மாற்றினார்கள். யுத்தம் முடிந்த பிறகும் பிரான்ஸ் அந்த நேரத்திலேயே தங்கிவிட்டது. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று இரு தேசங்களும் ஒரே கணத்தில் கடிகாரத்தை மாற்றுவதால், இந்த ஒரு மணி வித்தியாசம் வருஷம் முழுவதும் மாறுவதில்லை. டிக்கெட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். ஆகவே லண்டனில் 9 மணிக்குப் புறப்படும் விமானம் பாரிஸில் 11.20-க்குச் சேருவதாகவும், பாரிஸில் 9 மணிக்குப் புறப்படுவது லண்டனில் 9.20-க்கே சேருவதாகவும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்று இருபதுதான். போகும் நாளில் ஒரு மணி குறைகிறது என்றும், திரும்பும் நாளில் ஒரு மணி கூடுகிறது என்றும் எடுத்துக்கொண்டு, முக்கியமான சந்திப்புகளைத் திரும்பும் நாளில் வைத்துக்கொள்வது உசிதம்.

இப்போது உண்மையான கணக்கு, அதாவது வாசலிலிருந்து வாசல் வரை உள்ள கணக்கு. லண்டனில் ரஸ்ஸல் ஸ்குவேர் பக்கத்து விடுதி ஒன்றிலிருந்து பாரிஸில் சோர்போன் அருகே உள்ள விடுதிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். பிக்காடிலித் தடத்துச் சுரங்க ரயிலில் ஹீத்ரோவை அடைய ஒரு மணி. புறப்பாட்டுக்கு முன் செக்-இன், பாதுகாப்புச் சோதனை இவற்றுக்கு இரண்டு மணி. விமானம் ஒன்று இருபது. பாரிஸில் பாஸ்போர்ட் வரிசையும் பெட்டி வந்து சேருவதும் முக்கால் மணி. ரயிலும் நடையுமாக மேலும் ஒரு மணி. ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறது. ரயிலிலோ, விடுதியிலிருந்து செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டே கால்மணியில் நடந்துவிடலாம். அங்கே ஒன்றேகால் அல்லது ஒன்றரை மணி முன்னதாக இருக்க வேண்டும். ரயில் பிரயாணம் ஏறக்குறைய இரண்டு மணி இருபது நிமிஷம். பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் இறங்கியபின் அரைமணி. மொத்தம் நாலரை மணி. வானத்தில் 50 நிமிஷம் போகிறவரைவிட, 492 கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு தரையில் போகிறவர் ஒன்றரை மணி முந்திச் சேர்ந்துவிடுகிறார்.

யூரோஸ்டார் எனப்படும் இந்த ரயில் 1994 நவம்பர் 14-இல் ஓடத் தொடங்கியது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது, கடலடிச் சுரங்கத்தில் மட்டும் 160-ஆகத் தணிந்துகொள்கிறது. 50 கிலோமீட்டருக்குச் சற்றே நீண்ட சுரங்கத்தைக் கடக்க இருபது நிமிஷம் ஆகிறது. இந்த ரயிலின் பெரிய சௌகரியம் வேகமன்று. இரு தேசத்துப் பாஸ்போர்ட் சோதனைகளும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடுவது. செயின்ட் பாங்க்ரஸிலேயே பிரெஞ்சு அதிகாரியின் சோதனையும் முடிந்துவிடுவதால், பாரிஸில் இறங்குகிறவர் யாரும் தடுக்காமல் நேரே தெருவுக்கு வந்துவிடலாம். 2025 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாட்டாரின் முகப்படத்தையும் விரல்ரேகையையும் பதிவு செய்யும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருப்பதால், வரிசை நீளும் நாட்களை உத்தேசித்துச் சற்று முன்னதாகவே போய்ச் சேருவது நல்லது. கார் து நோரில் இறங்கி வடக்கே பத்து நிமிஷம் நடந்தால் லா ஷப்பேல். ஈழத் தமிழர்களின் மளிகைக் கடைகளும் இட்லி, தோசைக் கடைகளும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளோடு வரிசையாக நிற்கும் தெருக்கள். பசியோடு வருகிறவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அப்படியானால் விமானம் யாருக்கு? சென்னையிலிருந்து ஹீத்ரோவில் இறங்கி, லண்டனுக்குள் நுழையாமலே பாரிஸுக்குப் போகிறவருக்கு விமானமே சரி. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நேரே பாரிஸில் வந்து சேரும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவதும் கம்பெனியின் பொறுப்பாகிறது. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட் உடையவர்களில் பெரும்பாலோருக்கு, நிலையத்தைவிட்டு வெளியே வராமல் விமானம் மாறுவதற்கும் பிரிட்டனின் டிரான்சிட் விசா தேவைப்படும். டிக்கெட் வாங்குமுன் இதைத் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும். லண்டனின் மேற்குப் புறநகரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்து, பாரிஸிலும் வடகிழக்குப் பக்கமே போகவேண்டியவருக்கும் விமானம் தோதாக இருக்கும்.

விசா விஷயத்தில் நம்மவர் தடுமாறுவதைப் பலமுறை கண்டிருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். பிரான்ஸ் முதலிய ஐரோப்பிய தேசங்கள் பொது விசா வழங்கும் ஷெங்கன் கூட்டில் பிரிட்டன் ஒருநாளும் சேர்ந்ததில்லை. பிரிட்டிஷ் விசா பாரிஸுக்கும், ஷெங்கன் விசா லண்டனுக்கும் செல்லாது. இரண்டும் தனித்தனியாக வேண்டும். பாரிஸில் இறங்கி, இரண்டு நாள் லண்டனைப் பார்த்துவிட்டு, மறுபடி பாரிஸிலிருந்தே ஊர் திரும்பத் திட்டமிடுகிறவர், தம் ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவதற்கா, பலமுறை நுழைவதற்கா என்பதை விசா ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை என்று இருந்தால், லண்டனுக்கு ரயிலேறிய கணத்தில் அது தீர்ந்துபோகிறது.

கடைசியாக, தாமதத்துக்குச் சட்டம் தரும் பரிகாரம். இதை எழுதும் நாளில் உள்ள விதிப்படி, இந்தத் தூரத்துக்கான விமானம் சேருமிடத்தை மூன்று மணி அல்லது அதற்குமேல் தாமதமாக அடைந்து, அதற்குக் கம்பெனியே காரணமாக இருக்குமானால், பிரான்ஸிலிருந்து புறப்பட்ட பிரயாணி 250 யூரோவும், பிரிட்டனிலிருந்து புறப்பட்டவர் 220 பவுனும் கோரலாம். மோசமான வானிலையோ, பிரான்ஸில் அடிக்கடி நிகழும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர் வேலைநிறுத்தமோ காரணமானால் இந்தத் தொகை கிடையாது. சாப்பாடும் தேவைப்பட்டால் தங்குமிடமும் அப்போதும் கொடுத்தாக வேண்டும். சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரமுமன்று, கேட்டில் வந்து நின்ற நேரமுமன்று. விமானத்தின் கதவுகளில் ஏதேனும் ஒன்று திறந்து, பிரயாணிகள் இறங்க அனுமதிக்கப்பட்ட நேரமே கணக்கு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. மூன்று மணிக்கு நாலைந்து நிமிஷம் முன்பின்னாக வழக்கு நிற்கும்போது இந்த நுணுக்கமே பணத்தைத் தீர்மானிக்கும். ஆதலால் நெடுநேரம் தாமதித்த விமானத்தில் வருகிறவர், கதவு திறக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து அந்த நிமிஷத்தைப் போர்டிங் பாஸின் பின்புறத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த அட்டையைக் கோரிக்கை முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.